இடித்துரைக்கும் நிரல்



வடபழனியில் பத்தாண்டுகளாகக் கூடிவரும் இவ்வட்டத்தில் வெண்பா ஒன்று அரங்கேறும்போது செவிகள் கூர்மை பெறுகின்றன. ஈற்றடி முச்சீராக அமைந்ததா, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடிந்ததா என அவை பார்க்கிறது. கணினிக்கு நிரல் எழுதுவோரும் இத்தகைய காவலை அமைத்துக்கொள்கின்றனர். அது இருவகைப்படும்.

முதலாவது, நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி தரும் எச்சரிக்கை. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேற்படை. இரண்டும் இலக்கணத்திற்கு உடன்பாடே. ஓர் ஒற்றினால் பொருள் மாறுகிறது. ‘சி’ என்னும் கணினிமொழியில் ஒற்றைச் சமக்குறி மதிப்பை ஏற்றும். இரட்டைச் சமக்குறி மதிப்புகளை ஒப்பிடும். ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒரு குறி குறைந்தாலும் நிரல் ஓடும், விடைதான் பிழைபடும். நல்ல நிரல்பெயர்ப்பி, ‘கருதியது இதுதானா?’ என்று முன்னரே வினவும்.

இரண்டாவது உறுதிக்கூற்று. ‘இவ்விடத்தில் வயது சுழியத்திற்குக் குறையாது’ என்பது போல, எழுதுவோர் கொண்ட நம்பிக்கையை நிரலுக்குள்ளேயே பொறித்துவைப்பது அது. நம்பிக்கை பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பெரிய நிரலைச் சரிபார்க்க இத்தகைய கூற்றுகள் வேண்டும் என ஆலன் டூரிங் 1949ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜில் எடுத்துரைத்தார்.

பொறிக்கப்படாத நம்பிக்கையின் விலையை 1996 ஜூன் 4 காட்டிற்று. ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவுகலம் புறப்பட்டு நாற்பது நொடிகளுக்குள் சிதறியது. முந்தைய ஏரியான் 4 கலத்தின் நிரற்பகுதி அதில் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. 32,767க்கு மேல் கொள்ளாத இடத்தில் அதனினும் பெரிய எண் வந்து விழ, வழிகாட்டும் கருவி செயலற்றது. பழைய கலத்தில் அவ்வெண் அவ்வளவு வளராது என்ற எண்ணம் மெய்யாயிருந்தது. விரைவு மிகுந்த புதிய கலத்தில் பொய்த்தது. மண்ணில் கண்டிருந்தால் சில வரித் திருத்தம். விண்ணில் கண்டதால் கலமே அழிந்தது.

காவல் இருந்தும் செவிசாய்க்காவிடில்? 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி. 3 புறப்படும் தறுவாயில், கணினி ஏவுதலை நிறுத்தியது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருந்தது. இருப்பு போதும் என்றனர் வல்லுநர். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியின் தடையைக் கடந்து ஏவச்செய்தார். முதல் அடுக்கு செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாடிழந்தது. கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. தோல்விக்குப் பொறுப்பைத் தலைவர் சதீஷ் தவான் ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே குழு ரோகிணியை வெற்றியுடன் விண்ணில் நிறுத்தியது. தம் முடிவையும் அதன் விளைவையும் கலாம் பின்னாளில் பல மேடைகளில் மறைக்காது கூறினார்.

எச்சரிக்கைகள் மலிந்தால் செவி மரத்துப்போகும் என்பதும் உண்மை. ஆதலின் தேர்ந்த நிரலர், எச்சரிக்கை ஒன்றேனும் எஞ்சும்வரை நிரலை நிறைவுற்றதாகக் கொள்வதில்லை. இடித்துரைப்போர் இல்லாத மன்னன் தானே கெடுவான் என்பது, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. அமைச்சர் சொல்லத் தயங்கலாம், கணினி தயங்குவதில்லை. அதன் சொல்லைக் கேட்கும் பொறுமை மட்டும் மனிதரிடமிருந்தே வரவேண்டும். பிழையை அன்புடன் இடித்துரைக்கும் இவ்வட்டத்தின் பண்பு மேலும் பல்லாண்டு தழைக்க.