முதலில் மூடியது நம்ம சேலத்தில்தான்

(ஒண்டிக்கடை ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



காபி விலை, மிளகு விலை பேச வேண்டிய சங்கம் சாராயத்தைப் பற்றி ஏன் பேசுதுன்னு சிலர் கேட்கிறார்கள். காபி விற்ற காசு எங்கே போகுதுன்னு கேட்காமல் விலையை மட்டும் பேசி என்ன செய்ய?

1937 அக்டோபர் 1இல் ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தபோது, சென்னை மாகாணத்திலேயே முதலில் நம்ம சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். இன்றைக்கு நிலைமை என்ன? 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் மூலம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2003-04இல் அரசுக்கு வருமானம் 3,639 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. இடையில் 2016, 2017, 2023 என்று ஐநூறு ஐநூறு கடையாக மூடியும் கணக்கு இப்படி. இதில் நம்ம கூலிக்காசு எவ்வளவுன்னு தாய்மார்களுக்குத் தெரியும்.

காசு போனால் சம்பாதிக்கலாம். ஈரல் போனால்? ஈரல் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. மெள்ள மெள்ளக் கெட்டு, ஒருநாள் கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோத்து வீங்கும், ரத்தமாக வாந்தி வரும். நாம் வெறும் மஞ்சள் காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துக்கிட்டு இருப்போம். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது காடு அடமானத்தில் இருக்கும். காசநோயும் குடிக்கிற உடம்பைச் சீக்கிரம் பிடிக்கும். குடிச்சுட்டு மாத்திரையைப் பாதியில் விட்டால் வீட்டுக்கே பரவும். 2019இல் மட்டும் உலகம் முழுக்க 26 லட்சம் பேர் மதுவால் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அப்போ நாளைக்கே பூட்டுப் போட்டால் போதுமா? போதாது. 2024 ஜூனில் பக்கத்து ஜில்லா கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சிகள். குடிச்ச சிலரை நம்ம சேலத்துக்குத்தான் தூக்கி வந்தார்கள். குடியை நிறுத்த வைத்தியம் தராமல் கடையை மட்டும் மூடினால் கள்ளச்சாராயக்காரனுக்குத்தான் லாபம்.

தினம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும். உயிருக்கே ஆபத்து. காத்து கருப்புன்னு பூசாரிகிட்ட ஓடாதீங்க, அறையில் பூட்டியும் வைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. அதனால்தான் கடைகளை மூடும் தேதியை அறிவி என்பதோடு, குடிநோய் சிகிச்சைக்குத் தனிப் படுக்கைகளும் அதற்கென்று டாக்டரும் ஏற்காட்டிலேயே வேணும்னு கேட்கிறோம். சும்மா கேட்கவில்லை. மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும்னு அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவே சொல்லுது. மதுக்கடையை அகற்றக் கேட்டு 2015 ஜூலை 31இல் குமரி மாவட்டத்துப் போராட்டத்தில் உயிர்விட்ட சசிபெருமாள் நம்ம சேலத்துக்காரர்.

மனு மேசைமேல் இருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கைநாட்டும் செல்லும்.