மாட்டுக்குக் கோபால்ட், நமக்குப் பி12

(மாட்டுப்பட்டியில் நமது உறுப்பினர் குடும்பங்கள் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரை)



வயிற்றுக்கு உகந்த கைமருந்துகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசும்படி நம் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். நான் டாக்டரும் இல்லை, வைத்தியரும் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, கேரள அரசின் கால்நடைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் சர்வீஸ் பண்ணி ரிடையர் ஆனவன். இருந்தாலும் இந்த மாட்டுப்பட்டியில் நின்றுகொண்டு வயிற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

காலையில் அணைக்கட்டைப் பார்க்கப் போனவர்கள் வழியில் புல்சரிவையும் மாட்டுப் பண்ணையையும் கவனித்திருப்பீர்கள். 1963-ல் இந்திய அரசும் ஸ்விட்சர்லாந்து அரசும் சேர்ந்து தொடங்கிய இந்தோ-ஸ்விஸ் திட்டத்தின் பண்ணை அது. பிரவுன் ஸ்விஸ் காளைகளை நம் நாட்டுப் பசுக்களோடு கலந்து 'சுனந்தினி' என்ற இனத்தை இந்தத் திட்டம்தான் உண்டாக்கியது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் இங்கே பயிற்சிக்கு வந்தேன். குளிரில் பல் தந்தியடிக்கும். ஸ்வெட்டர் கூட இல்லை. அப்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த பாடம், கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுக்க வேண்டும் என்பது. அதில் கால்சியமும் பாஸ்பரஸும் கணிசமாக இருக்கும், கோபால்ட் என்ற உலோகம் ஒரு துளி இருக்கும். அந்தத் துளி எதற்கு என்று நான் கேட்டேன். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை கோபால்ட்டை வைத்து வைட்டமின் பி12 தயாரிக்கின்றன, கோபால்ட் இல்லையேல் பசு மெலிந்து போகும் என்றார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் சில பிரதேசங்களில் புல் செழித்திருந்தும் ஆடுமாடுகள் தின்னாமல் மெலிந்து, ரத்தம் சோகை பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1935-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு வரும் ஒருவிதக் கொடிய ரத்தசோகைக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தால் குணமாகிறது என்று 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் காட்டியிருந்தார்கள். (நம்மாத்தில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.) ஈரலில் இருந்த மருந்து 1948-ல் சிவப்புப் படிகமாகக் கையில் கிடைத்தது. அதுதான் பி12. அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு கோபால்ட் அணு. அந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் அம்மையாருக்கு 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் மலையாளத்திலும் தமிழிலும் நூற்றுக்கணக்கான விவசாயிகளுக்குச் சொன்ன நான், என் உடம்பு விஷயத்தில் என்ன பண்ணினேன் என்பதுதான் கதை.

ரிடையரானதும் பாலக்காட்டில் எங்கள் கிராமத்துக்கே திரும்பினோம். ஓய்வு என்றால் தெரியுமே, வேளைக்கு வேளை டிபன், ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே சாப்பாடு, உடனே படுக்கை. நெஞ்செரிச்சல் வந்தது. ஓமம் போட்டுக் கொதிக்க வைத்த ஜலம், சுக்குக் கஷாயம், அங்காயப் பொடி சாதம், தீபாவளி மருந்தில் மிச்சம் இருந்தது எல்லாம் ஆயிற்று. பிறகு டாக்டரிடம் போனேன். பான்டோபிரசோல் என்ற மாத்திரையை, வெறும் வயிற்றில், பதினாலு நாள் சாப்பிடச் சொன்னார். மூன்றாம் நாளே எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பதினைந்தாம் நாள் நிறுத்தினேன். நாலு நாளில் எரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. சரி, இது இல்லாமல் நமக்கு ஆகாது என்று தீர்மானித்து, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்க ஆரம்பித்தேன். பதினாலு நாள் மருந்தை ஆறு வருஷம் சாப்பிட்டேன்! கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின்.

திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட ஜாஸ்தியாகச் சுரக்கும், அது சில வாரங்களில் அடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நோய் திரும்பியதாக நினைத்தது என் தப்பு.

ஐந்தாம் வருஷம் வாக்கில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது, அப்புறம் மரத்தது. சர்க்கரைதான் என்று விட்டுவிட்டேன். நாக்கு சிவந்து, மிளகு ரசம் கூடக் காந்தியது. ஜீரணம் சரியில்லை என்று என்சைம் சிரப் வாங்கிக் குடித்தேன். தெரிந்தவர்கள் பேர் மறந்து போயிற்று. என் சஹதர்மிணி வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் பயந்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் சோப்புப் போட்டேன். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழாயைப் பிடித்துத் தப்பித்தேன். கண் திறந்திருந்தால் நிற்க முடிகிறது, மூடினால் முடியவில்லை.

இதைச் சொன்னதும், பேத்தி வயசுள்ள ஒரு லேடி டாக்டர் என்னைக் காலைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஆடினேன். "மாமா, நீங்கள் சுத்த வெஜிடேரியன்தானே? அமில மாத்திரை எத்தனை வருஷமாக?" என்று இரண்டே கேள்வி கேட்டார். பி12 பரிசோதித்ததில் 96 வந்தது. அந்த லேபின் கணக்குப்படி 200-க்கு மேல் இருக்க வேண்டும். டாக்டர் விளக்க ஆரம்பித்தபோது, "மாட்டுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அம்மா" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

விஷயம் இதுதான். எந்தச் செடியும் பி12 தயாரிப்பதில்லை. பாக்டீரியாதான் தயாரிக்கிறது. நம் பெருங்குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் உண்டு, ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில் இருக்கிறது. பசுவுக்குத் தொழிற்சாலை வாசல் திண்ணையில், நமக்கோ கொல்லைப்புறத்தில். சில தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 1980-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அது சுவாரஸ்யமான செய்தி, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. 1985-ல் லண்டன் பக்கம் ஹாரோவில் குடியேறியிருந்த சைவ உணவுக்கார இந்துக்களிடம் இந்தக் குறையால் வந்த ரத்தசோகையைப் பற்றி லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆகவே பிள்ளை, பெண்ணோடு வெளிநாட்டில் ஆறு மாதம் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆக, முட்டை கூடத் தொடாத நமக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அரை லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். இரண்டு டம்ளர் காப்பியில் விடும் பாலையும், ஜலமாக விளாவின சம்பாரத்தையும் கணக்குப் பார்த்தால் பாதிதான் தேறும். அதுவும் பாலில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வயிற்றின் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் நான் தினமும் காலையில் மாத்திரை போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். மெட்ஃபார்மினும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஈரலில் பல வருஷத்துச் சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது. பென்ஷன்காரர் டெபாசிட்டை எடுத்துச் செலவழிக்கிற மாதிரி, தீர்ந்த பிறகுதான் தெரியும். அமில மாத்திரையை இரண்டு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் பி12 குறை கூடுதலாக இருப்பதாகக் கலிபோர்னியாவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது.

எனக்கு ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. மாத்திரையில் உள்ள பி12 எதோடும் ஒட்டியிராததால் அதற்கு அமிலம் தேவையில்லை. நாக்கு இரண்டு வாரத்தில் சரியாயிற்று, பேர்கள் ஞாபகத்துக்கு வந்தன. கால் முழுக்கச் சரியாகவில்லை. வலது கால் விரல்களில் இன்றைக்கும் உணர்ச்சி கம்மி. கோவிலில் கல்லில் நடக்கும்போது ரத்தம் வந்தால் கூட வீட்டுக்கு வந்துதான் தெரிகிறது. நரம்பு விஷயத்தில் தாமதம் பண்ணினால் போனது போனதுதான்.

அமில மாத்திரையை டாக்டரே ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கிப் படிப்படியாக நிறுத்தினார். அந்த ஆறு வாரம் கைமருந்துதான் என்னைக் காப்பாற்றியது, அதையும் சொல்ல வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டு வந்தோம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தினோம். இஞ்சி தட்டிப் போட்ட மோர் எனக்கு ஒத்துக்கொண்டது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்லதுதான், ஆனால் தம்ளர் நிறைய ஜலம் குடிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடக் கூடாது. சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் பிரஷர் உள்ளவர்கள் விட்டுவிடுங்கள், அது முழுக்க சோடியம். ஸ்பைருலினாவில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று விற்பார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். இன்னொன்று, ரத்தசோகை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாகச் சாப்பிடாதீர்கள். ரத்தம் தேறின மாதிரி காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

நான் பேசியதைக் கேட்டு யாரும் இன்று ராத்திரியே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அல்சர் இருந்தவர்கள், இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு அது அவசியமாகவே கொடுக்கப்பட்டிருக்கும். எதற்காக, எத்தனை நாள் என்று கேளுங்கள், பி12 ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதே போல, கறுப்பாக மலம் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ ஓமத்தையும் சுக்கையும் எடுத்து வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இங்கே எத்தனை பேர் கைப்பையில் அந்த மஞ்சள் மாத்திரை இருக்கிறது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்... பாதிப் பேருக்கு மேல்! சரி. பந்திக்கு இன்னும் கால் மணி இருக்கிறதாம். கேள்வி கேட்கிறவர்கள் இப்போதே கேட்கலாம்.