கிராமப் பள்ளிகளின் ரோபோக் குழுக்களுக்கு அரசு மானியம் வேண்டும்



ஊர்க் கபடிக் குழுவினர் பனியன் வாங்கவும் வெளியூர்ப் பந்தயத்திற்குச் சென்று வரவும் பொருளுதவி கேட்டால், இல்லையென்று மறுப்பவர் நம்மிடையே அரியர். அது நல்ல வழக்கம். அதே பிள்ளைகள் பள்ளியில் ரோபோ செய்யும் குழு ஒன்றை அமைத்து உதவி கேட்பார்களாயின் நம் விடை யாதாக இருக்கும்? இவ்வினாவை உங்கள் முன் வைக்கவே நாம் இன்று பேச முற்படுகிறோம்.

ரோபோ என்றவுடன் திரைப்படத்தில் வரும் இரும்பு மனிதனை எண்ண வேண்டா. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் ரோபோவில் மூன்று உறுப்புகளே முக்கியமானவை: சூழ்நிலையை அறியும் சென்சார், அது தெரிவிப்பதைக் கொண்டு முடிவு செய்யும் உள்ளங்கை அளவான மின்பலகை, அம்முடிவை நிறைவேற்றும் மோட்டார். மண்ணில் ஊன்றிய இரண்டு கம்பிகளே ஒரு சென்சார் ஆகிவிடும். ஈர மண்ணில் மின்சாரம் எளிதில் பாயும். காய்ந்த மண்ணில் அவ்வாறு பாயாது. அவ்வேற்றுமையைப் பலகை கண்டறிந்து, ஈரம் போதுமானவுடன் பம்புசெட்டை நிறுத்திவிடும். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததென்று டார்ச்சு விளக்குடன் வரப்பில் நடந்து, பாம்புக்கு அஞ்சியபடியே மோட்டார் போட்டவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவியை உங்களிற் பலர் இப்பொழுதே பயன்படுத்துகிறீர்கள். அது பழுதுற்றால் நகரத்துக் கடையைத்தானே தேடிச் செல்கிறோம்? அதனைப் பிரித்துப் பார்த்துச் சீர்செய்ய வல்ல பிள்ளை நம் ஊரிலேயே இருக்கலாகாதா?

அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதன் முதற் போட்டி 1992இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நடந்தது. கலந்துகொண்டவை 28 பள்ளிக் குழுக்களே. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. நம் கவனத்திற்கு உரியது மிச்சிகன் மாநிலம். மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அம்மாநிலத்தின் அரசு, பள்ளிகளுக்கு ஒதுக்கும் நிதியிலிருந்தே ரோபோக் குழுக்களுக்கு மானியம் வழங்கி வந்துள்ளது. குழுவை வழிநடத்தும் ஆசிரியருக்கு ஊக்கத்தொகையும் அதில் அடங்கியிருந்தது. செலவில் ஒரு பங்கைப் பள்ளியும் ஏற்கவேண்டியிருந்தது. அந்நாட்டில் இத்தகைய குழுக்கள் மிகுதியாக உள்ள மாநிலம் இன்று மிச்சிகனே.

அவ்வளவு தொலைவு போவானேன்? அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தொடங்கப்பெற்று, 2,000க்கு மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் நடைபெறுகின்றன. 2025ஆம் கல்வியாண்டு முதல் அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ரோபோப் பாடம் கட்டாயம். அதற்கென 29,000 கருவிப் பெட்டிகளை அரசே பள்ளிகளுக்கு அளித்துள்ளது.

மத்திய சர்க்கார் 2016இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டமும் நல்ல திட்டமே. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய். அதில் பாதி கருவிகளுக்கு, மறுபாதி ஐந்தாண்டு வரையிலான நடைமுறைச் செலவுக்கு. ஆனால் 1,500 சதுர அடி இடம் வேண்டும் என்றொரு விதி இருந்தது. சிற்றூர்ப் பள்ளி அவ்விடத்திற்கு எங்கே போகும்? ஐந்தாண்டு கழிந்த பின்னர் எரிந்துபோன சென்சாருக்கும், போட்டிக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்திற்கும் யார் பணம் தருவது? உழவுமாடு வாங்கித் தந்துவிட்டுத் தீவனத்திற்கு வழிசெய்யாதது போன்றதே இது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 50,000 ஆய்வுக்கூடங்கள் அரசுப் பள்ளிகளில் அமையும் என அறிவிக்கப்பெற்றது. ஆகவே, கூடங்களுடன் நில்லாது குழுக்களுக்கும் ஆண்டுதோறும் மாநில அரசு மானியம் வழங்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை. பெற்றோர் பையிலிருந்துதான் பணம் வரவேண்டுமென்றால், கூலி வேலைக்குச் செல்லும் தாயின் மகள் எந்தப் போட்டியையும் காணமாட்டாள்.

“பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, ரோபோ எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். தண்ணீருக்கு முதலிடம் தரட்டும். அதில் நமக்கு வேறுபாடில்லை. எனினும், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நகரப் பள்ளிகளுக்கு வாய்ப்பதில்லை. அது கிராமப் பிள்ளைக்கு மட்டும் ஏன்? இயந்திரம் வேலையைப் பறிக்கும் என்பாரும் உளர். கதிர் அறுக்கும் இயந்திரம் நம்மைக் கேட்டுக்கொண்டா வயலுக்குள் இறங்கியது?

பஞ்சாயத்தார் இதில் பார்வையாளர் அல்லர். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்ந்த பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில், தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியும், தொழில்நுட்பப் பயிற்சியும் உள்ளன. கிராம சபை ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. வெறும் தீர்மானம் அலுவலகக் கட்டில் உறங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஆகவே, தலைமை ஆசிரியரை முன்னரே கண்டு, குழுவில் சேர விரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களிற் பெண்கள் எத்தனை பேர், ஓராண்டுக்கு உதிரிப்பொருளும் பயணமும் எவ்வளவு ஆகும், பஞ்சாயத்து தரக்கூடிய அறையும் மின்சாரமும் எவை என்னும் கணக்கை எழுதி வாங்கித் தீர்மானத்துடன் இணைத்து அனுப்புங்கள்.