அனுமதி உண்டு, நிபந்தனையும் உண்டு
(சோளக்காட்டில் நம் சங்கச் சுற்றுலாவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த உங்களிடம் கடலைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் வீட்டில் டைல்ஸ் உடைக்க நாம் அனுமதிக்கிறோம். ஆனால் நேரம் குறிக்கிறோம், பரீட்சைக் காலத்தில் நிறுத்தச் சொல்கிறோம். கடலுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, கடலில் தூண் இறக்குபவர்கள் எத்தனை திமிங்கிலங்கள், ஓங்கில்கள் தொந்தரவுக்கு உள்ளாகும் என்று முன்பே கணக்குக் காட்டி அனுமதி வாங்குகிறார்கள். கண்காணிக்க ஆள் நிற்பார். விலங்கு நெருங்கினால் வேலை நிற்கும்.

அதே 1972-இல் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆவுளியா என்கிற கடற்பசு அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் குற்றம். ஆனால் கட்டுமானச் சத்தத்துக்கு இப்படிக் கணக்குக் கேட்கும் தனி அனுமதி முறை அதில் இல்லை. திட்டத்துக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில், 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல் மேயும் அந்த விலங்கு ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும், அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்கு வேகமாகப் போகும். நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அது மேய்ச்சலை விட்டுத்தான் போக வேண்டும்.

துறைமுகமோ பாலமோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலோரத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதத்தில் வேலை? யார் கண்காணிப்பார்? எப்போது நிறுத்துவீர்கள்?