‘சிபோலெத்து’ என்னும் சொல்



எபிரேய மொழியில் ‘சிபோலெத்து’ என்பது மிக எளிய சொல். கூலக்கதிர் என்பது அதன் பொருள். நீர்ப்பெருக்கு என்பாரும் உளர். உழவன் வாயில் நாளும் புழங்கிய அச்சொல், விவிலியப் பழைய ஏற்பாட்டில், நீதித்தலைவர் நூலின் 12ஆம் அதிகாரத்தில் கொலைக்கருவியாய் நிற்கின்றது.

கிலயாத்தியரும் எப்பிராயிமரும் ஓரினத்துக் கிளையினரே. வழிபடு கடவுளும் ஒன்று, மொழியும் ஒன்று. அம்மோனியர்மேற் சென்ற போருக்குத் தம்மை அழைத்திலர் என எப்பிராயிமர் சினந்தெழ, யெப்தா என்பான் தலைமையில் கிலயாத்தியர் அவரை முறியடித்தனர். தோற்றோடியவர் யோர்தான் ஆற்றைக் கடந்தாலன்றித் தம் ஊர் சேரவியலாது. துறைகளையெல்லாம் கிலயாத்தியர் மறித்துக்கொண்டனர். ‘நீ எப்பிராயிமனோ?’ என வினவினால், வந்தவன் ‘அல்லேன்’ என்பான். எனவே இச்சொல்லைச் சொல்லச் செய்தனர். கிலயாத்தியர் அதன் முதலொலியை நாவை அண்ணத்தை நோக்கி உயர்த்திச் சீறலாக ஒலிப்பர். எப்பிராயிமர்க்கு அது பல்லோரத்துச் சகரமாகவே வரும். (இவ்விரண்டையும் பிரித்துக் காட்டத் தமிழில் ஈரெழுத்தில்லை; அதனால் ஒரு குறையுமில்லை.) தவறியவனை அத்துறையிலேயே வெட்டினர். மாண்டோர் 42,000 என்கிறது அந்நூல்.

ஆங்கிலர் இச்சொல்லைத் தம் மொழியில் எடுத்தாண்டனர். ஒரு கூட்டத்தார் தம்மவரை அறியக் கைக்கொள்ளும் சொல், வழக்கம், உடை யாவும் இன்று அவர்தம் நாளிதழ்களில் இப்பெயர் பெறும். பொருள் தேய்ந்து வாய்ப்பாடாய்ச் சுழலும் கட்சி முழக்கத்தையும் அவ்வாறே சுட்டுவர். தமிழில் ‘அடையாளச் சொல்’ என்றால் பாதியே பெறப்படும். ‘நாத்தேர்வு’ என்பது முதற்பொருளுக்கு அணித்து.

ழகரம் வாராத சிற்றூர்ப் பிள்ளையை எள்ளி நகைக்கும் மேடைப் புலவர் இவ்வரலாற்றை ஒருகால் எண்ணிப் பார்ப்பது நன்று. அவனுக்கு ஒலியைப் பயிற்றுக, அது கடமை. அவன் தமிழனோ என ஐயுறுதல் தகாது.

இது பழங்கதையன்று. 1937இல் தொமினிக்கக் குடியரசில், வல்லாட்சியன் துருகியோவின் ஏவலால் எயித்தியர் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டனர். கொத்துமல்லி போன்றதொரு கீரையின் இசுப்பானியப் பெயரைச் சொல்லச் செய்து, ரகரம் பிறழ்ந்தோரைப் பிரித்தெடுத்தனர் என்பர்.

1983 சூலையில் கொழும்புத் தெருக்களிலும் நாத்தேர்வு நடந்தது. வண்டிகளை மறித்த கொடியோர், வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘பால்திய’ என்னும் சொல்லைச் சொல்லுமாறு ஏவினர் எனத் தப்பியோர் கூறினர். அதன் முதலொலி, குரலெழ ஒலிக்கும் மெல்லிய பகரம். சொன்முதலில் அவ்வொலி வாராமை தமிழின் இயல்பு. தாய்ப்பாலொடு வந்த அவ்வியல்பே, வண்டியினின்று இறக்கப்பட்டவனைக் காட்டிக்கொடுத்தது.