அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு



பெருநகரில் வாழ்வோர்க்குப் பொழுதுபோக்கிற்குப் பஞ்சமில்லை என்பர். எனினும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கே செல்வது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். பெரிய வணிக வளாகம் ஒன்றிற்குச் சென்று, குளிர்ந்த காற்றில் உலாவி, வேண்டாத பொருள் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். அதைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் என் பிள்ளைகளை அந்த அளவிற்குக்கூட வெளியே அழைத்துச் சென்றவன் அல்லன். தேர்வு முடியட்டும், விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன், பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். இப்பொழுது பேத்தியும் பேரனும் அந்தக் கடனை வசூலிக்கின்றனர்.

சென்னை ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறத்தில், ஆர்மீனியன் தெரு என்று ஒரு தெரு உண்டு. அந்த அயற்சொல் நம்மவர் நாவில் படியவில்லை. அதை அவர்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டனர். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தத் தெருவில் அரண்மனை எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "முற்காலத்தில் இருந்தது, இடிந்துபோயிற்று" என்றேன். அவனும் நம்பி உட்கார்ந்துவிட்டான். உண்மை எனக்குத் தெரிய வந்தபோது அவன் எங்கிருக்கிறானோ, யார் அறிவார்?

பல ஆண்டுகள் கழித்து என் பேத்தி அதே கேள்வியைக் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, மூவரும் நடந்தோம்.

அங்கே இருப்பது அரண்மனை அன்று; 1772-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம். வெளியே நெரிசல், வாயிலைக் கடந்தால் மரநிழலும் அமைதியும். தரையெங்கும் கல்லறைக் கற்கள். வணிகத்திற்காகத் தொலைதூரம் கடந்து வந்து, இம்மண்ணிலேயே உறங்குவோர் அவர்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பருவ இதழ் 1794-ஆம் ஆண்டில் அச்சானது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இவ்வளாகத்திலேயே உள்ளது. மணிக்கூண்டில் ஆறு மணிகள் உண்டு. ஒன்றில் தமிழ் எழுத்துகளும், வேறு சிலவற்றில் ஆர்மீனிய எழுத்துகளும், இன்னும் சிலவற்றில் இலண்டன் மணி வார்ப்பாளரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்பதரை மணிக்கு அவை ஒலித்தபோது, "எது தமிழ் மணி, தாத்தா?" என்றான் பேரன். இம்முறை நான் தயங்காமல், "தெரியாது, அப்பா" என்றேன். சொல்லிவிட்டால் எவ்வளவு எளிது!

அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும் இருக்கிறது. தூய மேரி இணைப் பேராலயமும் இருக்கிறது. அங்கே செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியாரை வேண்டி எல்லாச் சமயத்தாரும் வருவர். சற்று நடந்தால் தங்கசாலைத் தெரு. அங்கே இந்தியும் குசராத்தியும் தெலுங்கும் காதில் விழும். பேத்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஐந்து மொழிக்குப் பிறகு எண்ணுவதை விட்டு, கச்சோரி கேட்டாள்.

உணவைப் பற்றிச் சொன்னதும் மற்றொரு நாள் நினைவிற்கு வருகிறது. பர்மா பஜாரை ஒட்டிய தெருவில் மாலை வேளையில் அத்தோ விற்பர். மஞ்சள் நிறச் சேமியா போன்ற ஒன்றில் கோசும் வெங்காயமும் புளிநீரும் வறுத்த பூண்டும் கலந்து, கையாலேயே பிசைந்து தருவர். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சாறு. 1960-களில் பர்மாவிலிருந்து வீடுவாசல் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சுவை அது. கடைக்கார முதியவரிடம் பேரன், "தாத்தா, உங்கள் ஊர் எது?" என்றான். அவர் பிசைந்த கையை நிறுத்தி, "பிறந்தது ரங்கூன்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஊர் இதுதான்" என்றார். பேரன் காரம் தாங்காமல் கண்ணீர் விட்டதால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரம் குறைத்து மற்றொரு தட்டு பிசைந்து தந்தார். காசு வாங்க மறுத்தார்.

ஞாயிறன்று திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. சைதாப்பேட்டையைத் தாண்டி அடையாற்றைக் கடக்கையில், அங்கே தெரிந்த சாலைப் பாலத்தைச் சுட்டிக்காட்டினேன். அவ்விடத்தில் முன்பு இருந்த பாலத்தை 1726-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டியவர் பெத்ருசு உசுக்கன் என்னும் ஆர்மீனிய வணிகர் என்றும், பரங்கிமலையில் யாத்திரிகர் ஏறும் படிகளையும் அவரே அமைத்தார் என்றும் சொன்னேன்.

"அவருக்கு அரண்மனை இருந்ததா?" என்று கேட்டாள் பேத்தி.

நான் பதில் சொல்வதற்குள், "மலை! மலை!" என்று கூவிக்கொண்டு பேரன் சன்னலோரம் ஓடினான். பரங்கிமலை கண்ணுக்கு மறையும் வரையில் இருவரும் அங்கிருந்து நகரவில்லை.