பாடசாலைக் குழுவும் நாமும்
(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பாடசாலை நிர்வாகக் குழுக்கள் திறம்பட இயங்குவது எங்ஙனம் என்று பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறீர்கள். மிஷன் பாடசாலையிற் படித்து, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடிக்காத நாம் பெரியவர்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை, கண்டதைச் சொல்லுகிறோம்.

முன்னாளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைக்கு ‘மனேஜர்’ என்று ஒருவர் இருந்தார். திருகோணமலையில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைச் சுவாமி விபுலானந்தர் அவ்வாறு பராமரித்தார். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அப்பொறுப்பைக் கல்விப் பணிப்பாளரிடம் ஒப்படைத்தது. அதனால் விளைந்த நன்மை பல. ஆயினும் ‘இது நமது பள்ளிக்கூடம்’ என்ற எண்ணம் ஊராரை விட்டுச் சற்றே அகன்றது. அதனை மீட்கவே பின்னர் அபிவிருத்திச் சங்கங்கள் வந்தன. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் யாவரையும் ஒரே குழுவில் அமர்த்தியது. ஏட்டில் இதற்குக் குறையில்லை.

நிற்க. நாம் பார்த்த கூட்டமொன்றைக் கேளுங்கள். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். வேலைநாள், காலை பத்து மணி. இரவு முழுதும் கடலில் நின்றவர்கள் உறங்குகிறார்கள். தாய்மார் வெங்காயத் தோட்டத்தில். வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் யார், மாலை போடுவது யார் என்பதிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. (பதவிக்கும் மாலைக்கும் போட்டியிடுவதில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர்!) அப்போது பின்வாங்கிலில் இருந்த ஒரு தாய் எழுந்தார்.

“என்ர பொடியன் மூண்டு மாசமாத் தகப்பனோட கரைவலைக்குப் போறான். ஏன் வரேல்லையெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே, ஐயா?”

“அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை” என்றார்கள்.

குழுவின் நோய் முழுவதும் அந்த ஒரு விடையில் இருக்கிறது. கூட்டத்தைப் போயா விடுமுறை நாள் மாலைக்கு மாற்றுங்கள். கணக்கை வாசித்து, சுவரிலும் ஒட்டுங்கள். முதல் விஷயமாக வரவு இடாப்பை விரித்து, ஒரு வாரத்துக்கு மேல் வராத பிள்ளையின் வீட்டுக்கு எந்த உறுப்பினர் போவார் என்று எழுதி வையுங்கள். மாலையைப் பிறகு பார்க்கலாம். ஆசிரியர் வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதில் மட்டும் குழு தலையிட வேண்டாம். அது அவர்கள் தொழில்.

சென்ற வாரம் நாம் இருவர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். பையன் வலையிழுக்கப் போயிருந்தான். நாளை மாலை மறுபடியும் போகிறோம். உங்களில் இருவர் வந்தால் நல்லது.